நாற்பத்தேழாம் பக்கத்து அலமேலு

“கிழிச்சது நீதான்டா!”

“நான் கிழிக்கலீங்!”

“அப்பப் புத்தகமே தன் பக்கத்தத் தின்னுபோட்டுதா?”

“ஏனுங்க, நான் பன்னெண்டாம் பக்கமே தாண்டலீங். நாப்பத்தேழாம் பக்கத்துக்கு எனக்கு வழியே தெரியாதுங்!”

1996 டிசம்பர் 18, புதன்கிழமை, காலை 10.10. பீளமேட்டில் மில் லைன் வீடுகள் முடிகிற முனையில் இருந்த பாலகோபால் வாடகை நூல் நிலையத்தில் எழுந்த சத்தம் இது. எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள். மார்கழிக் குளிருக்கு ஒரு சூடான சண்டை சும்மா கிடைத்தால் யார் விடுவார்கள்?

கத்தியவர் கடைக்காரர் பாலகோபால். வீட்டில் மனைவி திட்டினால் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிற மனுஷர்தான். புத்தகத்தின் மூலை மடங்கினால் மட்டும் ஆளே மாறிவிடுவார். வாங்கிக் கட்டிக்கொண்டவன் கதிர்வேல். பம்ப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். தீபாவளிக்கு வந்த ‘மில்லுக்கார ராசாத்தி’ படத்தின் கதாநாயகிக்குப் பீளமேடு கிளை ரசிகர் மன்றத் தலைவர். மன்றத்தில் மொத்தம் ஆறு பேர். அதில் மூன்று பேர் அவனுடைய பெரியப்பா பிள்ளைகள்.

அந்தப் படத்துக்கு மூலம் ஒரு நாவல். ‘ஏழாம் நம்பர் ரிங் பிரேம்’. 1968-இல் வந்தது. பஞ்சாலையில் நூல் நூற்கும் யந்திரத்தில் வேலை பார்க்கும் அலமேலுவின் கதை. எழுதியவர் அடுத்த வீதிக் கோவிந்தராஜுலு. மில்லில் முப்பத்தைந்து வருஷம், ஆட்கள் வருகிற நேரம் குறிக்கும் டைம் கீப்பர். அறுபத்தாறு வயது, கல்யாணம் ஆகாதவர், ஒண்டிக்கட்டை. கீழுதடு எப்போதும் நாவற்பழம் தின்ற மாதிரியே இருக்கும். அதற்கு வீதியில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் மரியாதையான காரணங்கள் என்று சொல்ல முடியாது.

படம் வந்த நாளிலிருந்து பேக்கரி பெஞ்சில் தினமும் ஒரு மணி நேரம் அவருடைய கச்சேரி நடந்தது.

“என்ற அலமேலு கருப்புங்க! ஆம்பள உசரமுங்க! எடது தோளு சாஞ்சிருக்கோணுங்க! இவனுங்க பம்பாயிலிருந்து பால்கோவாவைக் கூட்டியாந்து நிறுத்தியிருக்கானுங்க. பஞ்சு மில்லுக்குள்ள அந்தப் பாட்டுப் பாடறா, தலையில ஒரு இணுக்குப் பஞ்சு ஒட்டுச்சுங்களா?”

கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழியில் யோசித்தார்கள். கருப்பு, உயரம், சாய்ந்த இடது தோள். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது பீளமேட்டிலேயே ஒரே ஒரு வீட்டில். லைன் வீட்டு வெங்கடம்மாள்.

அவள்தான் இப்போது கடைக்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மில்லில் ரிங் பிரேமிலும், பிறகு நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங்கிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அறுபது வயது, அவளும் தனிக்கட்டை. மில்லுக்குச் சொந்தமான லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது பஸ்ஸில் உடுமலைப்பேட்டையில் இருக்கும் தம்பி வீட்டோடு போகிறாள். போனால் திரும்புவதற்கு இங்கே வீடு கிடையாது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் முதல்முறையாக இந்தக் கடைக்குள் காலை வைத்தாள்.

“எனக்கு எழுத்துத் தெரியாதுங்க. அந்த அலமேலு எப்புடி இருப்பான்னு எழுதியிருக்குற எடத்தை மட்டும் படிச்சுச் சொல்றீங்களா?”

புத்தகம் அப்போது கதிர்வேலிடம் இருந்தது. புதன்கிழமை வரச் சொன்னார் பாலகோபால். மூலையில் கோவிந்தராஜுலு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விரித்த பேப்பர் விரித்தபடியே இருந்தது.

இன்று அவள் ஒன்பதரைக்கே வந்துவிட்டாள். பாலகோபால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்பத்தேழாம் பக்கத்தைத் திறந்தார். நாற்பத்தாறுக்கு அடுத்தது நாற்பத்தொன்பது. உடனே பட்டறையிலிருந்து கதிர்வேலைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

“மன்றத் தலைவரு! புத்தகத்துல அலமேலு கருப்புன்னு இருந்தா உன்ற அம்மணிக்கு அவமானம். அதான் கிழிச்சுபோட்ட!”

“நான் எதுக்குங்க கிழிக்கோணும்? படத்துல மூஞ்சியப் பாத்தாச்சு. புத்தகத்துல வேற எதுக்குங்க பாக்கோணும்?”

“ஏம்ப்பா, பக்கம் போனாப் போகுது,” என்றார் டீ கிளாஸ்காரர் ஒருவர். “பாலகோபாலு, நீ நாலு வாட்டி படிச்சவன்தானே? வாயில சொல்லு.”

பாலகோபால் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார்.

“வர மாட்டேங்குதுங்க,” என்றார், திருடன் போல. “படம் பாத்ததிலிருந்து கண்ண மூடினாப் படத்துக்காரிதான் வந்து நிக்கறா.”

எல்லோரும் திரும்பிக் கதவோரம் பார்த்தார்கள். அங்கே கோவிந்தராஜுலு நின்றிருந்தார். கழுத்தில் மஃப்ளர்.

“டைம் கீப்பர் அய்யா, உங்க பக்கமுங்க! நீங்களே சொல்லுங்க.”

அவர் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கையை விரித்தார். திங்கட்கிழமை ராத்திரியிலிருந்து குரல் கட்டிக்கொண்டதாம். ஐந்து வாரமாக ஊரைக் கூட்டிய தொண்டை, ஓய்வு கேட்டதில் தப்பில்லை என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

வெங்கடம்மாள் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: “வெள்ளிக்கெழம வரைக்கும் இருப்பனுங்க.”

10.40. பக்கத்துக் கடையில் தையல் யந்திரம் நின்றது. இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டபடி உம்மல் குல்சும் வந்தாள். உக்கடத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். நாற்பத்தைந்து வயது. பீளமேட்டுப் பெண்களின் தோளும் இடுப்பும் அவள் நோட்டில் இருக்கின்றன; வாய் திறந்தால் பாதி வீதிக்கு மானம் போகும். திறக்க மாட்டாள். பாலகோபால் கடையில் மாதம் நாலு துப்பறியும் நாவல் எடுப்பாள். மூன்றில் பாதியிலேயே ஆளைக் கண்டுபிடித்துக் கடைசிப் பக்கத்தைப் படிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அது ஒன்றுதான் அவளிடம் கெட்ட பழக்கம்.

“பாலண்ணா, அதை இப்படிக் குடுங்க.”

வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். தைப்பு ஓரத்தில் கிழிந்த இடத்தை விரலால் தடவினாள்.

“கதிரு, உன்கிட்ட பிளேடு இருக்குதா?”

“ஷேவிங் பிளேடு இருக்குதுங்கக்கா. அதுக்காக...”

“இது பிளேடு இல்ல. பிளேடு வெச்சா ஓரம் வழவழன்னு நிக்கும். இது பூ பூவா நிக்குது. கையால கிழிச்சாக் கோணல்மாணலா வரும். இது நேரா வந்திருக்குது.” பக்கத்து இரண்டு தாள்களையும் காட்டினாள். தையலோரம் தாள் லேசாகச் சுருங்கி இருந்தது. ஈரம் பட்டுக் காய்ந்த சுருக்கம். அந்தச் சுருக்கத்தின் மேலேயே தலைமுடி அளவுக்கு ஊதா நிறத்தில் ஒரு கோடு.

“இந்த ஊதா?”

“அது என்ற முத்திரை மசிங்க,” என்றார் பாலகோபால். “எல்லாப் புத்தகத்துலயும் நாப்பத்தொம்பதாம் பக்கத்துல கடை முத்திரை குத்துவேன். திருட்டுப் போனாக் கண்டுபிடிக்க.”

நாற்பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் முத்திரை இருந்தது. ஊதாதான். குல்சும் புத்தகத்தை மறுபடி வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தையலிடுக்கில் நகத்தை விட்டு ஒரு சின்னத் துணுக்கு நூலை எடுத்தாள். புரியைப் பிரித்துப் பார்த்தாள்.

“இது என் கடை நூல் இல்ல. தையல் நூல் ரெண்டு மூணு புரி முறுக்கினது. இது ஒத்தப் புரி. மில்லு நூல்.”

“பீளமேட்டுல எந்த ஊட்டுலீங் மில்லு நூலு இல்ல?” என்றான் கதிர்வேல்.

“உன் வீட்டுல இருக்குதா?”

“நாங்க தோட்டங்காட்டுக்காரங்கக்கா. எங்க ஊட்டுல தேங்காக் கயிறுதான்.”

“எப்ப புத்தகத்தைத் திருப்பிக் குடுத்த?”

“நேத்து ஆறு மணிக்குங்.”

“பாலண்ணா எங்க வெச்சீங்க?”

“திரும்பி வந்தது எல்லாம் அந்த மேசை மேலதான் கெடக்கும். எட்டு மணிக்குக் கடை சாத்தறப்ப அடுக்குவேன்.”

“ஆறிலிருந்து எட்டு வரைக்கும் யாரு உள்ள வந்தா?”

“நிறையப் பேரு. பேப்பர் படிக்க வாரவங்க, வார இதழ் வாங்க வாரவங்க. தலையா எண்ணிட்டு இருப்பேன்?”

கதிர்வேல் வைத்திருந்த பஸ் டிக்கெட் அடையாளம் பன்னிரண்டாம் பக்கத்தில் இன்னும் இருந்தது. குல்சும் அதை எடுத்து அவனிடமே கொடுத்தாள். ஆனாலும் பாலகோபால் அவன் பெயரைக் கடைப் பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டார்: ‘புத்தகம் தரப்படாதவர்’. மன்றத் தலைவர் பதவி ஆட்டம் காண அது போதும்.

11.30. தொழிற்சங்கப் படிப்பகம். ஊரில் அந்த நாவலின் இன்னொரு பிரதி அங்கேதான் இருந்தது. படிப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் சீனிவாசலு சாவிக் கொத்தோடு எழுந்தார்.

“படம் வந்ததிலிருந்து இந்தப் புத்தகத்தைத் தொடாத ஆளில்லைங்க அம்மணி. இந்தாங்க.”

நாற்பத்தாறு. நாற்பத்தொன்பது.

சீனிவாசலு உட்கார்ந்துவிட்டார். குல்சும் தையலோரத்தைப் பார்த்தாள். அதே பூ. அதே ஈரச் சுருக்கம். அதே ஊதாக் கோடு. பிறகு புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். படிப்பகத்தின் முத்திரை ஏழு இடத்தில் இருந்தது. ஏழும் சிவப்பு.

“நேத்து யார் யாருங்க வந்தாங்க?”

“காலையில பேப்பருக்கு டைம் கீப்பரு, ரிட்டையரான ஆளுங்க நாலு பேரு, காலேஜ் பசங்க ரெண்டு பேரு. அவ்வளவுதானுங்க.”

1.00. கோவிந்தராஜுலுவின் வீடு. கதவு திறந்தே இருந்தது. வருகிற ஆள் இல்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? ஒரு நாற்காலி. அடுப்பு மேடையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். கொடியில் ஒரு வேட்டி. குல்சும் உட்கார இடம் தேடினாள். அவர் எழுந்து நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொண்டார்.

“உங்க கையில ஒரு பிரதி இருக்குமே அண்ணா?”

“கரையான்,” என்று காற்றாகச் சொன்னார்.

“வாயில சொல்லுங்க. நான் எழுதிக்கறேன். வெங்கடக்கா வெள்ளிக்கிழமை போறாங்க.”

“மறந்துபோச்சு.”

“ஒரு வரி?”

“இருபத்தெட்டு வருசமாச்சுங்க அம்மணி.”

பேசியது போதும் என்பதுபோல அவர் சன்னல் மேடைக்குத் திரும்பினார். அங்கே பாதி எழுதிய ஒரு தபால் அட்டை கிடந்தது. காப்பியிங் பென்சிலை எடுத்து நுனியை நாக்கில் தொட்டு நனைத்தார், எழுத ஆரம்பித்தார். மில் டைம் ஆபீஸ் ஆட்களுக்கு அந்தப் பென்சில்தான், அழித்தால் அழியாது. குல்சும் எழுந்துகொண்டாள்.

4.00. தையல் கடை. ஊருக்குப் போகிறவள் புது ஜாக்கெட்டோடு போக வேண்டும் என்று அளவு எடுக்க வெங்கடம்மாளைக் கூப்பிட்டிருந்தாள் குல்சும். புது அளவு தேவையே இல்லை. பதினைந்து வருஷமாக இடது தோளுக்குள் மடித்த துணி ஒன்றை வைத்துத் தைத்து, இரண்டு தோளையும் சமமாகக் காட்டிக்கொண்டிருப்பவளே அவள்தான். சினிமாக்காரர்கள் ஐந்து லட்சம் செலவழித்துச் செய்ததைக் குல்சும் கால் மீட்டர் காடாத்துணியில் செய்திருந்தாள்.

“அக்கா, தாளைச் சத்தமில்லாம நேராக் கிழிக்கோணும்னா மில்லுல என்ன பண்ணுவாங்க?”

“நூலுதானுங்க. கேட் பாஸ் புத்தகம் இருக்குமில்ல, அதுல கிழிக்கறதுக்கு வரிசையா ஓட்டை போட்டிருக்காது. ஒரு நாளு ரெண்டு பேரு பிளேடு எடுத்து அடிச்சுக்கிட்டாங்க, அன்னியிலிருந்து உள்ள பிளேடே கூடாதுன்னாங்க. அப்பறம் டைம் ஆபீஸ்ல நூல எச்சல்ல நனைச்சு மடிப்புல வெச்சு மூடிருவாங்க. கொஞ்ச நேரத்துல தாளு வெண்ணெயாட்டம் வந்துரும்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போயிற்று.

“அந்தப் பக்கத்துல என்னக்கா அப்படி? நல்லபடியா எழுதியிருப்பாரோ என்னமோ.”

வெங்கடம்மாள் இஞ்ச் டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

“எங்கப்பன் கருப்பின்னு கூப்புடுவாருங்க. பாக்க வந்த மாப்பள ஊட்டுக்காரங்க நெட்டச்சின்னு சொல்லிட்டுப் போனாங்க. அதோட சரி. அப்பறம் என்னயப் பாத்து யாரும் ஒண்ணும் சொல்லல, நல்லதோ கெட்டதோ. ஒரு மனுசன் உக்காந்து ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்காரு. திட்டித்தான் எழுதியிருக்கட்டுமே! கேட்டுட்டுப் போயிர்றேன்.”

“அவரையே கேட்டிருக்கலாமே?”

“போங் அம்மணி. ஆம்பளைகிட்டப் போயி, நான் எப்புடி இருக்கறேன்னு கேக்கறதா?”

வியாழக்கிழமை, காலை 7.15. பஸ்ஸை விட்டு இறங்கிக் கடைக்கு நடந்த குல்சும், அடுத்த வீதி முனையில் நின்றாள்.

“கட்டு ரெண்டு ரூவாயா? நேத்து ஒண்ணரைக்குக் குடுத்தியே! இதென்ன அரைக்கீரையா, குங்குமப்பூவா?”

குரல் கோவிந்தராஜுலுவுடையது. மூன்று வீடு தாண்டிக் கேட்டது. கீரைக்காரி கூடையைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர் மஃப்ளரைச் சரிசெய்து, மெல்ல இருமிக்கொண்டு உள்ளே போனார்.

மாலை 5.00. நூல் நிலையம். குல்சும் எல்லோரையும் வரச் சொல்லியிருந்தாள். பாலகோபால் கல்லாவில். கதிர்வேல் வாசற்படியில், உள்ளே வர அனுமதியில்லை. வெங்கடம்மாள் பெஞ்சில், கையில் துணிப்பையோடு. கோவிந்தராஜுலு மூலையில், பேப்பரோடு.

“மொதல்ல கதிர் பேரை அழிங்க பாலண்ணா.”

“ஏனுங்க?”

“அவன் வீட்டுல மில்லு நூல் இல்ல. நூலை நனைச்சுக் கிழிக்கிற வித்தை லேத் பட்டறைக்காரனுக்குத் தெரியாது. படிப்பகத்துல நேத்து முந்தாநாள் அவன் காலே வைக்கல. அங்கயும் அதே பக்கம் போயிருக்குது.”

“அப்பறம்?”

“மில்லுல வேலை பாத்த ஆளு. அதுலயும் டைம் ஆபீஸ் வித்தை தெரிஞ்ச ஆளு. செவ்வாய்க்கிழமை காலையில படிப்பகத்துலயும் சாயங்காலம் இங்கயும் வந்த ஆளு.” இரண்டு புத்தகங்களையும் கல்லா மேல் விரித்து வைத்தாள். “எல்லாரும் பாத்தீங்க, யாரும் பாக்கல. இந்த ஊதாக் கோடு. உங்க முத்திரை மசின்னு சொன்னீங்க பாலண்ணா. படிப்பகத்து முத்திரை சிவப்பு. அங்க ஊதா எப்படி வந்துச்சு?”

பாலகோபால் கண்ணாடியைக் கழற்றினார்.

“மசி தாளுல இல்லண்ணா. எச்சில்ல இருந்துச்சு. நூலை நனைச்ச வாயில இருந்துச்சு. காப்பியிங் பென்சில் நனைஞ்சா ஊதாவா மாறும். நாளெல்லாம் அது நுனியை நாக்குல தொட்டுத் தொட்டு எழுதற வாயி பீளமேட்டுல ஒண்ணுதான்.”

யாரும் மூலையைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று எல்லோருடைய கழுத்தும் சொல்லிற்று.

“இன்னொண்ணும் இருக்குது. அலமேலுவோட அடையாளத்தை அழிச்சுட்டாங்கன்னு அஞ்சு வாரமாக் கத்தின மனுசன், பக்கமே காணாமப் போனதும் ஒரு வார்த்தை கத்தல. தொண்டை கட்டிக்கிச்சு. எப்ப? திங்கட்கிழமை. வெங்கடக்கா இங்க வந்து கேட்ட அன்னைக்கு. ஆனா இன்னிக்குக் காலையில கீரைக்காரிகிட்ட மட்டும் கட்டல.”

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

“சினிமாக்காரனுங்க அவளக் கொன்னுபோட்டாங்கன்னு நெனச்சனுங்க,” என்றார் கோவிந்தராஜுலு. குரல் சுத்தமாக இருந்தது. “கோவத்துல என்ன கத்தறோம்னு யோசிக்கல. கருப்பு, உசரம், தோளுன்னு ஊருக்கே அடையாளம் சொன்னது நானேதான். இந்தம்மணி வந்து இங்க நின்னு கேட்டப்பத்தான் என்ன பண்ணுனோம்னு தெரிஞ்சுது.”

“திட்டியா எழுதியிருக்கறீங்க?” என்றாள் வெங்கடம்மாள். பெஞ்சை விட்டு எழவில்லை.

“இல்லீங்.”

“அப்பறம் எதுக்குங்க?”

அவர் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. ஒன்றைப் படிப்பகத்துப் புத்தகத்துக்குள் வைத்தார். மற்றதைப் பாலகோபாலிடம் நீட்டினார். பாலகோபால் வாங்கவில்லை.

“நீங்களே படிங்க,” என்றார்.

கோவிந்தராஜுலு நின்றபடி படித்தார்.

“‘அலமேலுவை அழகி என்று யாரும் சொன்னதில்லை. எண்ணெய் ஊறிய செக்கு மரத்தின் கருப்பு. ஆண்பிள்ளைகள் நிமிர்ந்து பார்க்க வேண்டிய உயரம். இடது தோள் ஒரு விரற்கடை தாழ்ந்திருக்கும், பின்னால் யாரோ கூப்பிட்டுத் திரும்பப் போகிறவள் மாதிரி. வலது புருவத்தின் நடுவே முடி முளைக்காத ஒரு கோடு. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கண்ணை மூட மறந்துவிடுவாள். டைம் ஆபீஸ் சன்னலில் டிக்கெட் நம்பர் சொல்லிவிட்டுக் குனிந்து நகரும்போது பின்கழுத்தில் ஒரு மச்சம் தெரியும். அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது. சொல்ல ஆளில்லை.’”

வெங்கடம்மாளின் கை பின்கழுத்துக்குப் போயிற்று.

“இருக்குதுங்களா?”

“இருக்குதுக்கா,” என்றாள் குல்சும். பதினைந்து வருஷமாக அந்தக் கழுத்தை அளந்தவள். “தினமும் பாக்கறேன். சொல்லோணும்னு தோணல.”

“அந்தப் பக்கமும் எழுத்து இருக்குதுங்களே,” என்றாள் வெங்கடம்மாள்.

அவர் தாளைத் திருப்பினார். இதைத்தான் அவர் ஒளித்திருந்தார் என்பது அவர் திருப்பிய விதத்திலேயே தெரிந்தது.

“‘அலமேலு தினமும் மூன்று நிமிஷம் தாமதமாக வருவாள். அந்த முகம் அரை நாள் கூலியை இழந்து கேட்டில் திரும்புவதை டைம் கீப்பரால் ஒருமுறைதான் பார்க்க முடிந்தது. மறுநாளிலிருந்து கேட்டுக் கடிகாரத்தை மூன்று நிமிஷம் பின்னால் தள்ளி வைத்தான். ஆயிரம் பேர் அந்தக் கடிகாரத்தின்படி உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள். ஒருத்திக்காக என்று ஒருத்தருக்கும் தெரியாது.’”

படித்து முடித்தும் தாளைக் கீழே இறக்கவில்லை. “அம்பத்தாறிலிருந்து அறுபத்தேழு வரைக்குமுங்க. அப்பறம் உங்களை ரீலிங்குக்கு மாத்திட்டாங்க. ரீலிங்குக்கு வேற கேட்டு. அந்த சன்னல்ல வேற மூஞ்சிக வந்துச்சு. அப்பத்தான் எழுத உக்காந்தேன்.”

வெங்கடம்மாள் துணிப்பையை மடியில் நேராக்கி வைத்துக்கொண்டாள். வெளியே டவுன் பஸ் ஒன்று நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது.

“மில்லுல எனக்கு ஒரு சில்வர் கொடம் குடுத்தாங்களுங்க,” என்றாள். “பதினோரு வருசத்துல ஒரு நாளும் லேட்டு ஆகலைன்னு. மேடையேத்திக் குடுத்தாங்க. நான் வாங்குன பரிசு அது ஒண்ணுதானுங்க.”

“ஆமாங்.”

“அப்ப நான் நேரத்துக்கு வரவே இல்லீங்களா?”

“ஒரு நாளும் இல்லீங் அம்மணி.”

அவள் அழப்போகிறாள் என்று பாலகோபால் தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். அவள் சிரித்தாள். கை வாய்க்குப் போயிற்று. அன்று அந்தக் கடையில் இருந்த மற்றவர்கள், வருஷக்கணக்காக அவளைத் தெரிந்தவர்கள், முதல்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார்கள். மூட மறந்துதான் இருந்தது.

“ஏனுங்க, மொதப் பக்கத்தை மட்டும் இன்னொருக்காப் படிங்க.”

படித்தார். இந்த முறை மெதுவாக. கதிர்வேல் படியை விட்டு எழுந்து உள்ளே வந்து நின்றான், யாரும் தடுக்கவில்லை.

“இதை எங்க அம்மணியால நடிக்க முடியாதுங்க,” என்றான் முடிவில். மன்றத் தலைவர் வாயால் வந்தது அது.

வெங்கடம்மாள் எழுந்தாள். தாளைக் கேட்டாள். பாலகோபால் தலையாட்டினார். வாங்கித் துணிப்பையில் வைத்துக்கொண்டு, “வாரனுங்க,” என்று பொதுவாக எல்லோருக்கும் சொன்னாள். வாசலில் கொஞ்சம் நின்றாள். யாராவது ஏதாவது சொல்லலாம் என்று நின்றாளோ என்னவோ. கோவிந்தராஜுலு பேப்பரை மடித்துக்கொண்டிருந்தார். மடிக்க அத்தனை மடிப்பு எந்தப் பேப்பரிலும் கிடையாது.

வெள்ளிக்கிழமை பத்து நாற்பதுக்கு உக்கடத்திலிருந்து பஸ் கிளம்பியது. வழியனுப்பக் குல்சும் மட்டும் போயிருந்தாள். வெங்கடம்மாள் புது ஜாக்கெட் போட்டிருந்தாள். ராத்திரியே தோள் துணியைப் பிரித்து எடுத்துவிட்டிருந்தாள்.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். கதாநாயகி அடுத்த வருஷமே பம்பாயில் ஒரு வைரவியாபாரியைக் கல்யாணம் செய்துகொள்ள, மன்றம் கலைந்தது. கதிர்வேல் வைகாசியில் அன்னூர்ப் பெண்ணைக் கட்டினான். அவனைவிட நாலு விரல் உயரம், நல்ல கருப்பு. பெரியப்பா பிள்ளைகள் கிண்டல் செய்தார்கள், அவன் கண்டுகொள்ளவில்லை. கேபிள் டிவி வந்து பாலகோபால் கடையைத் தின்றது; அவர் தொண்ணூற்றெட்டில் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனி ஸ்டோரில் சேர்ந்தார். குல்சும் மகளுக்கு நிக்காஹ் முடித்து, மிஷினை உக்கடத்து வீட்டுக்கே கொண்டுபோய்விட்டாள். வெங்கடம்மாள் உடுமலையிலேயே இருந்தாள். தம்பி பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரே தாளைத் தினமும் படிக்கச் சொல்வதாகவும், பின்பக்கம் வரும்போது போதும் என்று நிறுத்திவிடுவதாகவும், அந்தப் பக்கம் தேங்காய் லோடு ஏற்றப் போனவர்கள் சொன்னார்கள்.

கோவிந்தராஜுலுவும் உடுமலைக்கு ஒரு பஸ் ஏறுவார் என்று வீதியே ஒரு வருஷம் காத்திருந்தது. சிலர் முகூர்த்தம்கூடப் பார்த்து வைத்தார்கள். அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை, வீடும் மாறவில்லை. லைன் வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டினார்கள். புதிதாக வந்தவர்களுக்கு அவர் யார் என்று தெரியாது. அதற்குமேல் சொல்ல, அதே வீதியில் குடியிருந்த எங்களிடமும் ஒன்றுமில்லை. நாங்களும் தொண்ணூற்றொன்பதில் சரவணம்பட்டிக்குக் குடிபோய்விட்டோம்.